உங்களுக்குத் தெரியுமா? சாரல் ஊரில் உருளும் பந்து

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி டீக்கடைகளில் இரண்டே பேச்சுதான். பேரருவியில் தண்ணீர் எப்படி, நேற்று ராத்திரி மேட்ச் என்ன ஆச்சு. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. இரண்டாவதை இந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். கபடி வரும், ஹாக்கி வரும், மாட்டுவண்டிகூட வரும். ஆனால் எழுதுகிறவன் கால்பந்துப் பைத்தியம். பந்து அந்தப் பக்கமே உருண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

● குற்றாலத்தின் முதல் பந்தாட்ட நட்சத்திரம் ஒரு பெண். பெயர் வசந்தவல்லி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் நாயகி. தெருவில் பந்தடித்துக்கொண்டிருக்கிறாள், குற்றாலநாதர் பவனி வருகிறார், ஆட்டம் அங்கே நிற்க, காதல் தொடங்குகிறது. அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பந்து எழும்பி விழும் வேகத்திலேயே சந்தமும் குதிக்கும். அது கையால் ஆடும் பந்துதான், காலுக்கு வேலையில்லை. இருந்தாலும் எங்கள் வட்டாரத்தின் முதல் விளையாட்டு வர்ணனையாளர் கவிராயர்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பந்தின் வேகம், ஆடுபவளின் துள்ளல், பார்ப்பவர்களின் கிறக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் வர்ணனையை எந்தச் சேனலில் கேட்க முடிகிறது?

● 1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்கார ராணுவ அணியை மோகன் பகான் 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் காட்ட விரும்புவது தேதியை. ஜூலைக் கடைசி! கல்கத்தாவில் கால்பந்துப் பருவம் என்றாலே மழைக்காலம்தான். டூரண்ட் கோப்பைகூட இப்போது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான் தொடங்குகிறது.

எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? சாரல் விழுந்ததும் பையன்கள் மட்டையையும் ஸ்டம்பையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய் மொபைலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் தாழ்ந்து, காற்று குளிர்ந்து, மண் மெத்தென்று கிடக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் ஏங்கும் பருவம் இது. அதைக் கால்பந்துக்குக் கொடுக்காமல், மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்தே கழிக்கிறோம். இது என் நெடுநாள் ஆற்றாமை. பக்கம் முழுக்க இதைத்தான் புலம்பப் போகிறேன், தயாராக இருங்கள்.

● 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கொட்டும் மழையில் நடந்தது. வெல்லவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த ஹங்கேரியை மேற்கு ஜெர்மனி 3-2 என்று சாய்த்தது. ஆடி டாஸ்லர் என்ற செருப்பு வியாபாரி, பூட்ஸின் அடியில் திருகி மாட்டும் நீளமான ஸ்டட்களைக் கொடுத்திருந்தார். சேற்றில் ஜெர்மன்காரர்கள் நின்றார்கள், ஹங்கேரிக்காரர்கள் வழுக்கினார்கள். டாஸ்லரின் கம்பெனிதான் அடிடாஸ்.

● 1974 உலகக் கோப்பையில், பிராங்க்பர்ட்டில் மேற்கு ஜெர்மனி – போலந்து ஆட்டத்துக்கு முன் மைதானம் குளமாகிவிட்டது. தீயணைப்புப் படை வந்து தண்ணீரை இறைத்தது. பந்து உருளாமல் அங்கங்கே நின்றது. அப்படியும் ஆடினார்கள், கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் முடிவு வந்தது.

● கிரிக்கெட்டில் மழை வந்தால் கணக்கு வாத்தியார் வேண்டும். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. மழை வந்து போனபின் பலகை காட்டியது: 1 பந்தில் 22 ரன். இந்த அபத்தத்துக்குப் பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியல்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த முறை 1997 முதல் புழக்கத்துக்கு வந்தது. சூத்திரத்தில் எனக்குக் குறை இல்லை. சாரல் ஊரில் அந்த ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

● கால்பந்தை நிறுத்தும் ஒன்று உண்டு, மின்னல். 2025-இல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் இடி மின்னலால் பல ஆட்டங்கள் தடைபட்டன. செல்சி – பென்ஃபிகா ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றது. நம்மூர்ச் சீசன் சாரலில் பெரும்பாலும் இடி கிடையாது. ஐப்பசி மழைதான் இடியோடு வரும். இதையும் என் கட்சிக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

● மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் கொஞ்சம் வழிவிட்டு நிற்கும் இடம் ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் குற்றாலத்துக்குள் நுழைகிறது. சாரல் வருவதும் அதனால்தான், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். ஆடுகிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மேற்கே பார்த்து உயர அடித்த பந்து கோலியின் கைக்குப் போகாமல் பாதியில் தொங்கும். கிழக்கே பார்த்து அடித்தால் கோட்டைத் தாண்டி ஓடும். 2019-இல் திருத்திய விதிப்படி டாஸ் வென்ற அணி எந்தப் பக்கத்துக் கோலை நோக்கித் தாக்குவது என்றும் தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையை எடுத்துக்கொள்ளலாம். சீசன் நேரத்தில் டாஸ் வென்ற எந்தக் கேப்டனும் முதல் உதையைக் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் வெளியூர்க்காரன்.

● பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையைக் குடித்துக் கனத்துவிடும். தலையால் முட்டினால் சாயங்காலம் வரை மண்டை வலிக்கும். உலகக் கோப்பையில் முதன்முதலாக முழுக்கச் செயற்கை இழையில் செய்த பந்து 1986-இல் மெக்சிகோவில் வந்தது, பெயர் அஸ்டெகா. இன்றைய பந்து தண்ணீரைக் குடிக்காது. நனைந்த புல்லில் இன்னும் வேகமாகத்தான் ஓடும். அதற்காகவே ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கின்றன. நமக்கு அந்தச் செலவு இல்லை. பாபநாசம், குற்றாலம், மேக்கரை என்று மலையடிவாரம் நெடுக இயற்கையே தெளித்து வைத்திருக்கிறது.

● அப்படியென்றால் மலைக்கு அந்தப் பக்கம், கால்பந்துக்குப் பேர்போன கேரளத்தில் மழையில்தானே ஆட வேண்டும்? அங்கேதான் என் வாதம் கொஞ்சம் இடறுகிறது. மலபாரில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் ‘செவன்ஸ்’, அணிக்கு ஏழு பேர் ஆட்டம், நவம்பர் முதல் மே வரைதான். காரணம், அங்கே பெய்வது சாரல் இல்லை, கொட்டுகிற மழை. மேலும் பல ஆட்டக்களங்கள் அறுப்பு முடிந்த வயல்கள்.

நம்மிடமும் இதே கதைதான். சிற்றாற்றுப் பாசனத்தில் ஜூனில் கார், ஐப்பசியில் பிசானம். பிசானம் அறுத்து முடித்த பின் மாசி, பங்குனியில் வயலும் வற்றிய குளத்துப் படுகையும் பையன்கள் கைக்கு வருகின்றன. ஆகவே சீசனில் ஆட ஆசை இருந்தாலும் இடம் இருக்காது. எங்கும் நாற்று நட்டிருக்கும். சாரலை வீணாக்குகிறோம் என்று பையன்களைத் திட்டும் நான், அவர்களுக்கு மேட்டு நிலத்தில் புல்தரை அமைத்துக் கொடுக்காத பெரியவர்களைத்தான் முதலில் திட்ட வேண்டும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிய பிறகும் காலம் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

● செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மறுநாள், நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம். அதாவது அதற்கு முன் செங்கோட்டைப் பையன் ஒருவன் சந்தோஷ் கோப்பைக்கு ஆடும் அளவுக்கு வளர்ந்திருந்தால் மலையைத் தாண்டிப் போய்த்தான் ஆடியிருக்க வேண்டும். 1973-இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முதலாக அந்தக் கோப்பையை வென்றது. ரயில்வே அணியை 3-2 என்று சாய்த்த அந்த இறுதி ஆட்டத்தில் மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. தமிழ்நாடு இன்றுவரை வென்றதில்லை. செங்கோட்டையைக் கொடுத்துவிட்டுக் கேரளம் கோப்பையை எடுத்துக்கொண்டது என்று பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார். சால்னா வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

● ஆண்கள் ஒருமுறையும் வெல்லாத தேசியப் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டு முறை வென்றிருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1. மணிப்பூர் என்றால் சாதாரணமில்லை. பெண்கள் கால்பந்தில் அந்தச் சின்ன மாநிலம்தான் பல வருஷங்களாக நாட்டாமை.

இதோடு முடியவில்லை. காரியாபட்டியில் ஒரு பொறியியல் கல்லூரியைப் பின்புலமாகக் கொண்டு 2016-இல் தொடங்கிய சேது எஃப்.சி. மூன்றே வருஷத்தில், 2019 மே மாதம், லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தூக்கியது. காரியாபட்டி எங்கே இருக்கிறது? மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில். மழையும் இல்லை, புல்லும் இல்லை, பயிற்சி இருந்தது. பெண்கள் கால்பந்தைக் கதையாக்கிய ‘பிகில்’ படம் வந்தது அதே 2019 தீபாவளிக்கு. தியேட்டரில் விசிலடித்தவர்களில் எத்தனை பேருக்கு, அந்தக் கதை அதே வருஷம் நம் பக்கத்தில் நிஜமாக நடந்து முடிந்தது தெரியும்? குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியே இருக்கிறது. வசந்தவல்லியின் ஊர். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

● மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறைக்காரர், கடற்கரை மணலில் ஆடி வந்தவர். 2019–20 ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற ஏ.டி.கே. அணியில் இடது ஓரத்தில் பறந்தவர். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை லேசாக இருக்கும் என்பார்கள். அந்தக் கடலோரக் கிராமங்களில் ஆளுக்கொரு அணி, ஊருக்கொரு டோர்னமென்ட். நாம் அங்கிருந்து வண்டியில் சில மணி நேரத் தூரம்தான்.

● ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்துக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1948 ஜூலை 31, லண்டன், பிரான்ஸுக்கு எதிராக. பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடி 1-2 என்று தோற்றார்கள். இரண்டு பெனால்டியை வீணடித்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

● துளசிதாஸ் பலராமன் செகந்திராபாத் அருகே தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956-இல் மெல்போர்னில் நான்காம் இடம் வந்த அணியில் இருந்தார், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 பிப்ரவரியில் காலமானபோது எங்கள் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பலகைகூட இல்லை. மெஸ்ஸி பிறந்தநாளுக்கு இருக்கிறது.

● வெறுங்கால் என்றதும் ஒரு பழங்கதை வரும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் பூட்ஸ் போடச் சொன்னதுதான் என்பார்கள். நம்பாதீர்கள். அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை ஏதோ ஒரு டோர்னமென்ட். ஆள் தேர்விலும் பயிற்சிக்கு நாள் ஒதுக்குவதிலும் குழப்பம். பூட்ஸுக்கான உண்மைக் கதை 1952-இல், ஹெல்சிங்கியில். குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று வாங்கிக் கட்டிக்கொண்டபின்தான் நம் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

● கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன்பே சிங்கப்பூரில் போய்க் குடியேறியவை. அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் 1941-இலேயே உருவாகி, உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் நடத்தியது. விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் தைலமும் சட்டைத்துணியும் மட்டும் கொண்டு வரவில்லை. மலேசியக் கோப்பைக் கதைகளையும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் ஆர். ஆறுமுகம், மலேசியாவின் கோல்கீப்பர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று பட்டம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றது, அதில் ஆறுமுகம் பங்கு பெரிது. ஆனால் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் போகவே இல்லை. 1988-இல் கார் விபத்தில் இறந்தார். 2016-இல் வந்த ‘ஓலா போலா’ என்ற மலேசியப் படத்துக்கு அந்த அணியின் கதைதான் தூண்டுதல். அரசியல்வாதிகள் பெனால்டி அடித்தால் எந்தக் கோலியாலும் தடுக்க முடியாது.

● உலகக் கோப்பை வழக்கமாக ஜூன், ஜூலையில். குற்றாலச் சீசனும் ஜூன், ஜூலையில். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாக வரும், லாட்ஜ் டி.வி.க்களுக்கு ஓய்வே இருக்காது. 2022-இல் மட்டும் கத்தார் வெயிலுக்குப் பயந்து நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை நடத்தினார்கள். எங்களுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று, ஏனென்றால் அது ஐயப்ப சீசன்! அருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலைக்குப் போகும் சாமிகள் நெற்றி நிறையச் சந்தனத்தோடு டீக்கடை டி.வி. முன்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். “சாமி, அர்ஜென்டினாவா பிரான்ஸா?” என்று கேட்டால், “சாமிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது சாமி, ஆனா மெஸ்ஸி ஜெயிக்கணும்” என்று பதில்.

● அதே 2022-இல் கோழிக்கோடு அருகே புள்ளாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ மூவருக்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்-அவுட் வைத்தார்கள். ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கம் கட்-அவுட் கலைக்குப் பஞ்சமா என்ன? வைக்கிற ஆள்தான் வேறு.

● 1986 ஜூன் 22. உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ஆட்டம். மெக்சிகோவில் நண்பகல், நமக்கு ராத்திரி பதினொன்றரை. மரடோனாவின் கைக் கோலும், அடுத்த நான்கு நிமிஷத்தில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்து அடித்த கோலும் விழுந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. என் தலைமுறையில் அர்ஜென்டினாக் கட்சி உருவானது அந்த ஒரு ராத்திரியில். கைக் கோலை நியாயப்படுத்தும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் நியாயப்படுத்த மாட்டேன். ரசிப்பேன், அவ்வளவுதான்.

● பிரேசிலின் மஞ்சள் சட்டைக்கு வயது 1950-க்குப் பிறகுதான். அந்த வருஷம் மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்றதும் வெள்ளைச் சட்டை ராசியில்லை என்று தூக்கிப் போட்டார்கள். புதுச் சட்டைக்கு நடந்த போட்டியில் வென்ற வடிவம் ஆல்டிர் ஷ்லீ என்ற இளைஞருடையது. எல்லையோர ஊரில் வளர்ந்த ஷ்லீ உருகுவேயின் ரசிகர்! எல்லையில் வளர்ந்தவனுக்கு இரண்டு பக்கமும் பாசம் இருக்கும் என்பது செங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

● 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. 32 போதும், நல்ல பந்தி அது. ஆனால் ஒரு பெயரைப் பார்த்ததும் வாய் மூடிவிட்டது. குராசாவ். கரீபியன் கடலில் ஒரு தீவு, மக்கள்தொகை ஒன்றரை லட்சம் அளவில்தான். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது. 2025 நவம்பரில் ஜமைக்காவோடு 0-0 என்று டிரா செய்து உள்ளே வந்தது. 2011 கணக்குப்படி நம் தென்காசி மாவட்டத்தில் 14 லட்சம் பேர். நியாயமாகச் சொன்னால், குராசாவ் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். தீவு பேரைக் கொடுத்தது, நெதர்லாந்து காலைக் கொடுத்தது. அப்படியானாலும் ஒன்பது மடங்கு.

● கபடிக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்திலிருந்து போன மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1995-க்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2025 தீபாவளிக்கு வந்த மாரி செல்வராஜின் ‘பைசன்’ அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் பிறந்தது. நம் பக்கம் கோயில் கொடைக்குக் கபடி இல்லாமல் இருக்காது. ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் விடிய விடிய. குழல்விளக்கு, கரகர மைக், கோப்பைகள் அடுக்கிய மேசை, “அடுத்து ஆடவிருக்கும் அணிகள் தயார் நிலையில் இருக்கவும்” என்ற அறிவிப்பு. மேட் விரிப்பில் ஆடும் டி.வி. கபடியைவிட மண்ணில் ஆடும் கபடியில்தான் எனக்கு ருசி. முழங்கால் சொல்வது வேறு என்று ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

● 1990-இல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து தங்கம் நமக்கே என்று இருந்தது. 2018-இல் ஜகார்த்தாவில் ஆண்கள் அரையிறுதியிலும், பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் விழுந்தார்கள். ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? சைலஜா ஜெயின், மகாராஷ்டிராக்காரர். 2023-இல் ஹாங்சோவில் ஆண்கள் தங்கத்தை மீட்டார்கள், 33-29. நடுவில் ஒரு ரைடின் விதி வழக்கில் ஆட்டம் நெடுநேரம் நின்றது. எங்கள் கொடைக் கபடியிலும் அப்படித்தான் நிற்கும். பஞ்சாயத்தார் வந்துதான் முடிப்பார்கள்.

● திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக் கல் தூக்கும் போட்டி. நூறு கிலோவுக்கு மேற்பட்ட உருண்டைக் கல்லும் உண்டு. முழங்காலில் ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் விட வேண்டும். பெண்களும் கலந்துகொள்கிறார்கள். ஜிம்முக்குச் சந்தா கட்டிவிட்டுப் போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

● மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டத்தோடு கர்நாடகத்தின் கம்பளாவுக்கும் மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்தே வழிவிட்டது. காளைகள் ஓடட்டும். முன்னும் பின்னும் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும் கூட்டத்துக்கு மட்டும் யாராவது தடை வாங்கித் தந்தால் தேவலை.

● கரிசல் காட்டுக் கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அடுத்தபடியாக ஹாக்கிக்குப் பேர் போனது. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். வேடிக்கை என்னவென்றால், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த நாள் முதல் ஹாக்கி தண்ணீரின் ஆட்டமாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் தரையை நனைத்தால்தான் பந்து ஒழுங்காக ஓடும். மழை குறைந்த கோவில்பட்டி தண்ணீர் தெளித்து ஹாக்கி ஆடுகிறது. மழை நிறைந்த நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஐ.பி.எல். பழைய ஹைலைட்ஸ் பார்க்கிறோம்.

● பூப்பந்து ஞாபகம் இருக்கிறதா? கம்பளி நூலால் சுற்றிய மஞ்சள் பந்து, அணிக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரண்மனை வழி வந்த ஆட்டம் என்பார்கள். ஒரு காலத்தில் நம் பள்ளிக்கூடங்களில் இதுதான் ராஜா. சாரல் பட்டால் கம்பளி கனத்துவிடும், காற்றடித்தால் திசை மாறும். இந்த ஊர்ச் சீசனுக்கு ஒத்துவராத ஆட்டம் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். பங்குனியில் ஆடலாம். யாரும் ஆடுவதாகத்தான் காணோம்.

● டி.என்.பி.எல். 2023 இறுதி ஆட்டம் நடந்தது சென்னையில் இல்லை, நெல்லை சங்கர்நகரில், ஜூலை 12-இல். சொந்த மண்ணில் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன்னில் தோற்றது. நம் பக்கத்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சோகமாகத் திரும்பி, வழியில் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு வீடு சேர்ந்தது.

● வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் மறக்காது. இலக்கியத் தமிழில் பந்தைத் துரத்துவார். 2020 டிசம்பரில் மறைந்தார். அவர் கால்பந்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு பேராசை உண்டு.

● மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில் அறிமுகமாயின. யோசனை கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருடையது, போக்குவரத்து விளக்கைப் பார்த்து வந்தது. தென்காசிப் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒருநாள் நின்றிருந்தால் அந்த யோசனை அவருக்கு வந்திருக்காது.

● ஆஃப்சைடு விதி 1925-இல் தளர்ந்தது. அதுவரை கோலுக்கும் தாக்குபவனுக்கும் இடையே எதிரணியில் மூன்று பேர் வேண்டும், பிறகு இரண்டு பேர். கோல்கள் மளமளவென்று கூடின. இப்போது வீடியோவில் கோடு போட்டுக் கட்டைவிரல் நுனிக்கு ஆஃப்சைடு கொடுக்கிறார்கள். கோல் விழுந்ததும் குதிக்கலாமா, பொறுத்துக் குதிக்கலாமா என்று தெரியாமல் பாதி எழும்பி நிற்கும் ரசிகனின் முதுகுவலிக்கு யார் பொறுப்பு? என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரிந்தால் ஆஃப்சைடு, தெரியாவிட்டால் கோல்.

● பெலே 1977 செப்டம்பர் 24-இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் காஸ்மோஸ் அணிக்காக மோகன் பகானோடு ஆடினார். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. ஆட்டம் 2-2. பெலேயே சேற்றில் ஆடினார் என்று இனிச் சாரலுக்குப் பயப்படும் பையன்களிடம் சொல்லுங்கள்.

● ‘திமிரு’, ‘கொம்பன்’, ‘பிகில்’ படங்களில் வந்த ஐ.எம். விஜயனைச் சினிமா ஆளாக மட்டும் நினைக்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், பின்னாளில் இந்தியக் கேப்டன். 1999 தெற்காசியப் போட்டியில் பூடானுக்கு எதிராக அவர் போட்ட கோல் பன்னிரண்டாவது விநாடியில் விழுந்தது. 2025-இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீக்கு வெகு முன்பே, ‘திமிரு’ ஓடிய சமயம், தியேட்டர் வாசலில் நான் சோடாக் கதையையும் பூடான் கோலையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்றவர் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, அடுத்த படம் எப்ப?”